கைலாசம் மாமா கம்பம் ஏறின கதைகள்

கைலாசம் மாமா உயிரோடுதான் இருந்தார். மேடையில், நடு நாற்காலியில், கழுத்து எங்கே முடிகிறது தலை எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்கு மாலைகளைப் போட்டுக்கொண்டு, நன்னாரி சர்பத் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனாலும் மைக்கைப் பிடித்த ஒவ்வொருவரும், "இப்படி ஒரு மனுசன் இருந்தாரு, இனிமே இப்படி ஒருத்தர் வரப்போறதில்ல" என்றே பேசினார்கள். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். தென்காசியில் அந்த மண்டபத்தில் அன்றைக்கு நடந்தது பணி நிறைவு விழா. வாசலில் வாழைமரம் மட்டும் கட்டியிராவிட்டால், வழியோடு போகிறவன் துக்கம் விசாரித்துவிட்டுத்தான் போயிருப்பான்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முத்துசெல்விக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அவள் மாமாவின் அக்கா மகள். அப்பா முகம் தெரியாத வயசில் இந்த மாமா வீட்டுக்கு வந்தவள். பிள்ளை இல்லாத மாமாவும் ஆவுடையம்மாள் அத்தையும்தான் வளர்த்து, தையல் படிக்க வைத்து, மேலகரத்தில் ஒரு தையல் கடையும் வைத்துக் கொடுத்தார்கள். மின்சார இலாகாவில் மாமா லைன் இன்ஸ்பெக்டர். சோற்றோடு சேர்த்து அவளுக்குக் கரண்டு பாடமும் ஊட்டித்தான் வளர்த்தார்.

மேடையில் கதைகள் வரிசை கட்டி நின்றன. பெரிய கோயில் வாசல் காற்று ஆளையே தூக்கிக்கொண்டு போகும். அந்தக் காற்றில் மாமா கம்பத்தில் ஏறினார், காற்று கூச்சப்பட்டு ரத வீதிப் பக்கமாகத் திரும்பிப் போய்விட்டது. குற்றாலத்தில் டிரான்ஸ்பார்மரில் மாட்டிக்கொண்ட குரங்குக் குட்டியை இறக்கிவிட்டார். அன்றைக்குத் தொட்டு இன்றைக்கு வரைக்கும் குற்றாலத்துக் குரங்குகள் அவர் கையில் இருக்கிற பழத்தை மட்டும் பறிப்பதில்லை. இலஞ்சியில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் கம்பி அறுந்துபோக, மாமா மேலே ஏறி இரண்டு முனைகளையும் வெறுங்கையால் பிடித்துக்கொண்டு நின்றார். மேளம் ஓய்கிற வரைக்கும் கரண்டு அவர் உடம்பு வழியாகத்தான் மண்டபத்துக்குப் போனது.

"கையுறை போட்டிருந்தாரு, லைனும் ஆப் பண்ணித்தான் இருந்துச்சு," என்று செல்வி பக்கத்தில் இருந்த அத்தையின் காதில் சொன்னாள்.

"அதைச் சொன்னா எவன் கை தட்டுவான்," என்றாள் அத்தை. "அங்கன பாரு உங்க மாமாவை."

மாமா மறுக்கவில்லை. மாலைக்கு மேலே தெரிந்த கொஞ்சம் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. தான் கேட்கிற கதையைத் தானே நம்பத் தொடங்கிவிட்ட ஒருவரின் சிரிப்பு.

சாப்பாட்டுப் பந்தியில் சுஹைப் அவளைத் தேடி வந்தான். மாமாவிடம் வேலை கற்ற லைன்மேன். இப்போது அந்தப் பகுதி அவன் பொறுப்பில்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். பெல்ட்டு, கையுறை, எர்த் ராடு எல்லாம் அண்ணாச்சி ஆபீஸ்ல ஒப்படைச்சிட்டாவ. அவுகளை யாராவது கூப்பிடுவாவ. போக விடாதீங்க."

"நான் சொன்னா கேக்கவா போறாரு?"

"நாங்க ஏறும்போது லைன் கிளியர் வாங்கிட்டு ஏறுதோம். மேல ஆளு இருக்கான்னு சப்-ஸ்டேஷன்ல தெரியும். நாங்க இறங்கிட்டோம்னு சொல்லுத வரைக்கும் அங்கன எவனும் சுவிட்சைத் தொட மாட்டான். அண்ணாச்சி இனிமே ஏறினா, அவுக மேல இருக்கதே யாருக்கும் தெரியாது. கணக்குல கம்பம் காலி, அக்கா."

இலையில் வைத்த பாயசத்தை செல்வி அன்றைக்குத் தொடவில்லை.

சாரல் வந்தது. அந்த வருஷம் காற்று செங்கோட்டைக் கணவாயில் டிக்கெட் வாங்காமல் ஏறி நேரே தென்காசியில் வந்து இறங்கியது. தென்னை மட்டை, தகரக் கூரை, கட்சிக்காரர் பேனர் எல்லாம் பறந்தன, கம்பிகள் அறுந்தன. ஆபீஸுக்குப் போன் போட்டவர்களுக்கு, "ஆளு வாராவ, வரிசையா வாராவ" என்று பதில் வந்தது. உடனே எல்லாருக்கும் மண்டபத்துக் கதைகள் ஞாபகம் வந்தன. வரிசையில் நிற்பானேன், காற்றையே திருப்பி அனுப்பின ஆள் உள்ளூரில் சும்மாதானே இருக்கிறார்.

மாமாவின் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"அண்ணாச்சி, ஒரு பேஸ் இல்ல, மோட்டார் ஓடல, வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போயிருங்க."

ஒரு பார்வை என்பார்கள். போனால் ஏணி சாத்தி ரெடியாக இருக்கும். மாமா கைலியை மாற்றி, பழைய காக்கிக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுப்பார். அத்தை கட்டிங் பிளேயரை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துப் பார்த்தாள். அவர் அரிசியோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போனார்.

"கவர்மென்ட்டே விட்டுட்டு, இந்த ஊரு விடுதா பாரு," என்று அத்தை வாசலைப் பார்த்துச் சொல்லுவாள். "அந்தப் போனைத் தூக்கிக் கிணத்துல போடுதேன். போட்டா கிணத்துக்குள்ள இறங்குவாரு, அதுவும் ஒரு கதையாப் போகும்."

செல்வி கெஞ்சியும் பார்த்தாள். "மாமா, சுஹைப் சொன்னதைக் கேட்டிய இல்லா? லைன் கிளியர் இல்லாம ஏறலாமா?"

"ஏட்டி, நான் என்ன கரண்டுக்குப் புதுசா? அதுக்கு என்னைத் தெரியும்," என்றார் மாமா. அவர் சொன்ன விதத்தில், கரண்டு ஏதோ சொந்தக்காரப் பையன், சித்தப்பா என்று கூப்பிட்டுக் காலில் விழுவான் என்பதுபோல் இருந்தது.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தருவியில் குளிக்க மாமா அவளை ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனார். சின்ன வயசிலிருந்து உள்ள பழக்கம். மலை முழுக்க மேகம் இறங்கி, மத்தியானமே சாயங்காலம் மாதிரி இருட்டிக் கிடந்தது. மங்குஸ்தான் கடைகளின் தார்ப்பாய்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. அருவியின் இரைச்சல் ரோடு வரைக்கும் வந்தது. குளிக்க அருவி வரைக்கும் போகவேண்டிய தேவையே இல்லை. ரோட்டில் நின்றாலே அது வந்து குளிப்பாட்டியது.

ஒரு லாட்ஜ் வாசலில் ஆட்கள் மறித்தார்கள். "அண்ணாச்சி, தெய்வம் மாதிரி வந்திய."

லைனில் ஒரு பெரிய கிளை முறிந்து தொங்கிக்கொண்டிருந்தது. சுஹைபும் ஆட்களும் இலஞ்சிப் பக்கம் சாய்ந்த கம்பத்தோடு போராடிக்கொண்டிருந்தார்கள், வர நேரமாகும். லாட்ஜ் முழுக்க சீசன் கூட்டம். தண்ணீர் ஏறவில்லை, பிள்ளைகள் அழுகின்றன என்று லாட்ஜ்காரர் புலம்பினார். மாமா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டார்.

"மாமா, வேண்டாம். அவங்க வரட்டும்."

"ஒரு கிளைட்டி. கீரை ஆயுத வேலை."

டிரான்ஸ்பார்மர் பெட்டியைத் திறந்து, லைனில் கரண்டு வராதபடி பீஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். வெள்ளைப் பீங்கான் கட்டைகள், ஒவ்வொன்றும் அம்மிக் குழவியின் தம்பி கனம். அவற்றைச் செல்வியின் துணிப்பையில் போட்டார். "பத்திரமா வச்சுக்கோ. இது உன் கையில இருக்க வரைக்கும் எமனுக்கு இந்தப் பக்கம் வேலை கிடையாது."

பிறகு அவர் கை, பழக்கத்தில், ஸ்கூட்டரின் பக்கவாட்டுக்குப் போனது. சர்வீஸில் இருந்த காலம் முழுக்க எர்த் ராடு அங்கேதான் கட்டியிருக்கும். எந்தக் கம்பத்தில் ஏறினாலும் அந்தக் கழியின் கொக்கியைக் கம்பிகளில் மாட்டி, எங்கிருந்து கரண்டு வந்தாலும் மண்ணுக்குள் போகும்படி செய்துவிட்டுத்தான் கம்பியைத் தொடுவார். கை வெறும் காற்றைத் தொட்டது. ஒரு நொடி அங்கேயே நின்றது. பிறகு, வேறெதற்கோ போனதுபோல, கால்சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தது.

அதைச் செல்வி பார்த்தாள். அவள் பார்த்ததை மாமாவும் பார்த்தார். ஆனால் அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. டீக்கடைக்காரர் வெளியூர்க்காரர்களுக்கு இலஞ்சிக் கல்யாணத்தை விவரித்துக்கொண்டிருந்தார். "வெறுங்கையாலங்க. சத்தியமா. நான் பந்தியில இருந்தேன்." பாதிப் பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். அத்தனை கண்கள் பார்க்கும்போது எந்த மனுசனால் ஏணியை விட்டு நகர முடியும். மாமா ஏறினார்.

மேலே போய்க் காலைப் பின்னிக்கொண்டு, துண்டால் தன்னைக் கம்பத்தோடு கட்டிக்கொண்டார். அரிவாளால் கிளையைக் கொத்தினார். கிளை இரண்டு கம்பிகளைப் பின்னிக் கிடந்தது. கீழே கைதட்டல். செல்வி பையை மாரோடு அணைத்துக்கொண்டு நின்றாள்; பீங்கானின் குளிர்ச்சி ஜாக்கெட்டைத் தாண்டி உள்ளே இறங்கியது.

அப்போது எதிர் லாட்ஜின் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. டுபு டுபு என்று, முதலில் இருமல் மாதிரி, பிறகு சீராக.

ஜெனரேட்டர்.

ஜெனரேட்டர் போடுகிறவர்கள் வெளி லைனைத் துண்டித்துவிட்டுப் போட வேண்டும்; அதற்கென்றே ஒரு சுவிட்ச் உண்டு. அது இல்லாமல் போட்டால், கரண்டு லாட்ஜுக்குள்ளும் போகும், வந்த வழியே வெளிக் கம்பிக்கும் போகும். பையில் எத்தனை பீஸ் கட்டை இருந்தாலும் அது கேட்காது. இது மாமா ஊட்டின பாடம்தான். செல்வி சுற்றுமுற்றும் பார்த்தாள். டீக்கடையில் தொங்கிய குண்டு பல்பின் உள்ளே, அடுப்புக் கங்கு மாதிரி, சிவப்பாக ஒன்று விழித்துக்கொண்டிருந்தது.

"மாமா."

அருவி இரைந்தது. காற்று இரைந்தது. ஜெனரேட்டர், கூட்டம், தார்ப்பாய் எல்லாம் இரைந்தன. அவள் தொண்டை கிழியக் கத்தினாள். பக்கத்தில் நின்றவன் அவளும் உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்து விசில் அடித்தான். மேலே மாமா அரிவாளை இடுப்பில் செருகினார். மிச்சக் கிளையைக் கம்பியிலிருந்து உருவ, கையை நீட்டினார். வெறுங்கை.

செல்வி பைக்குள் கையை விட்டு ஒரு பீஸ் கட்டையை எடுத்து எறிந்தாள். வாழ்க்கையில் கல்லெறிந்து ஒரு மாங்காய் விழுத்தாதவள். அது நேராகப் போய் மாமாவின் கெண்டைக்காலில் பட்டது. 'ணங்' என்ற சத்தம் அச்சன்புதூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

"எவம்லே அது." மாமா கையை இழுத்துக் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவள் பல்பைக் காட்டினாள். அவர் பார்த்தார். கம்பிக்கும் அவர் விரல் நின்ற இடத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இருந்திருக்காது.

யாரோ ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். மாமா வேலையை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். இறங்கி, பலமாகச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. அருவிக்குப் போகாமலே திரும்பினார்கள். மேலகரம் தாண்டியதும் மாமா ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைத்தார்.

"ஏட்டி செல்வி."

"சொல்லுங்க மாமா."

"அத்தைட்ட சொல்லாத."

அவள் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. ஸ்கூட்டர் தென்காசிக்குள் நுழையும் முன்பே கதை நுழைந்திருந்தது. மறுநாள் பஸ் ஸ்டாண்டில், கைலாசம் அண்ணாச்சி ஜெனரேட்டர் கரண்டை இடது காலாலேயே எத்தித் திருப்பி அனுப்பினார் என்று ஒருவர் சொன்னார். அதற்கடுத்த நாள், கரண்டு அவரைத் தொட்டு, அடையாளம் தெரிந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருந்தது. காலில் இருந்த வீக்கம் அதற்குச் சாட்சி. மாமாவைக் கேட்டால், "விடுங்கய்யா" என்பார். இல்லை என்று சொல்ல மாட்டார். போன் முன்னைவிட இரண்டு மடங்கு அடித்தது. ஆய்க்குடியிலிருந்து அடித்தது. புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டிலிருந்து கமிஷன் கடைக்காரர் ஒருவர், தன் கடை லைனை அண்ணாச்சி கையால்தான் தொடவேண்டும் என்று காரே அனுப்புவதாகச் சொன்னார்.

செல்விக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. மாமாவைக் கொல்லப்போவது கரண்டு இல்லை. ஊருக்கு அவர்மேல் இருக்கிற பிரியம். ஒவ்வொரு கதையும் அவரை இன்னும் ஒரு கம்பத்தில் ஏற்றும். என்றைக்காவது ஒருநாள், எறிய அவள் கையில் கட்டை இருக்காது. கதையை நிறுத்த முடியாது. இன்னொரு கதையால்தான் அடிக்க முடியும்.

அன்றைக்குக் கடைக்கு பர்சானா வந்திருந்தாள். மகள் நிக்காஹ்வுக்குச் சுடிதார் தைக்க அளவு கொடுக்க வந்த அச்சன்புதூர்க்காரி. பள்ளிவாசல் ஸ்பீக்கர் பழுதானால் பர்சானாவிடம் சொன்னால் போதும், அதைவிடத் தூரம் போகும்.

"உங்க மாமாவைப் பத்தித்தான் ஊரெல்லாம் பேச்சு," என்றாள் பர்சானா. "காலாலேயே நிறுத்திட்டாராமே."

செல்வி தையல் மெஷினை நிறுத்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா, உங்கள்ட்ட மட்டும் சொல்லுதேன். மாமாவுக்குக் கை நடுங்குது."

"என்னட்டி சொல்லுத."

"அன்னைக்கு மேல போனப்ப பிடி நழுவிட்டு. தெய்வாதீனம். சோறு பிசைஞ்சா சிந்துது. டாக்டர் ஏணியில ஏறவே கூடாதுன்னுட்டாரு. அவரு கூச்சப்பட்டு யாருட்டயும் சொல்ல மாட்டேங்காரு. நீங்களும் சொல்லிராதீய."

"எம்மா, நான் யாருட்டச் சொல்லப் போறேன்," என்றாள் பர்சானா. அளவு கொடுக்க மறந்து கிளம்பிப் போனாள்.

மறுநாள் காலை அச்சன்புதூரில் மாமாவுக்கு ஒரு கை நடுங்கியது. மத்தியானம் ஆய்க்குடியில் இரண்டு கையும். வெள்ளிக்கிழமைக்குள் புளியங்குடியில் அவருக்கு வாய் கோணி, படுத்த படுக்கையாகி, கமிஷன் கடைக்காரர் ஒரு பெட்டி எலுமிச்சம்பழம் அனுப்பிவைத்தார், சாறு பிழிந்து கொடுக்கச் சொல்லி.

போன் நின்றது.

அத்தை நிம்மதியாக மூச்சு விட்டாள். செல்வியும் விட்டாள். காற்று வீட்டைச் சுற்றி ஓலமிட்டது, எங்கேயோ கம்பிகள் அறுந்தன, மாமா கைலியோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒருதடவை போனை எடுத்து, சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைத்தார்.

ஊர் தங்கமான ஊர். வந்து பார்க்க ஆரம்பித்தார்கள். ஹார்லிக்ஸோடு வந்தார்கள், ரம்புட்டானோடு வந்தார்கள். மாமா நாற்காலியை இழுத்துப் போடப்போனால் ஓடிவந்து பிடுங்கினார்கள். "நீங்க உக்காருங்க அண்ணாச்சி, நாங்க இருக்கோம்லா." ஸ்கூட்டரை எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சாவியை வாங்கி, அவரைப் பின்னால் உட்காரவைத்துத் தானே ஓட்டினார். டீக்கடையில் மாஸ்டர் அவருக்கு மட்டும் டம்ளரில் பாதி ஊற்றினார், சிந்தாமல் இருக்க. பேங்கில் கையெழுத்துப் போடும்போது கவுன்டர்க்காரர் முகத்தைப் பார்க்காமல் விரலையே பார்த்தார். மாமா கையெழுத்தைப் போட்டுவிட்டு, அதை அவரும் ஒருதடவை உற்றுப் பார்த்தார்.

ஆவணி பிறந்ததும் போன் அடித்தது. சமையல்கட்டில் இருந்த செல்விக்கும் அத்தைக்கும் கை நின்றது. மாமா பாய்ந்து எடுத்தார்.

"கைலாசம் பேசுதேன். சொல்லுங்க." எதிர்ப்பக்கம் பேசுவதைக் கொஞ்சநேரம் கேட்டார். "ஆமா. சுஹைப்னு ஒரு பையன். நல்லா ஏறுவான். நம்பரா? எழுதிக்கிடுங்க." மனப்பாடமாக நம்பரைச் சொன்னார். "இல்ல, இல்ல. எனக்கு நல்லா இருக்கு. வச்சிரட்டா."

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள். செல்வி டீயை எடுத்துக்கொண்டு போனாள். வெளியே மின்கம்பிகள் ஒன்றை ஒன்று தொடுவதுபோல் நெருங்கி, விலகி, நெருங்கின. மாமா ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரை ஒரு கையால் வாங்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கினார். டீயின் மேல் சின்னச் சின்னதாக வளையங்கள் ஓடின.

காற்றோ என்று அவள் ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

"இங்கன உக்காரு," என்றார் மாமா. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வலது கையை நீட்டிக் காட்டினார். காய்த்துப்போன, பெரிய, கறுத்த கை. விரல் நுனிகள் அடித்துக்கொண்டிருந்தன.

"எப்ப இருந்து மாமா?"

"தெரியலட்டி." அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற ஒருவரின் குரல் அது. "பர்சானாட்ட நீதான் சொன்னியாம். அன்னைக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. நான் கையைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன், ஒண்ணும் இல்ல. எனக்கே தெரியாததை நீ எப்படிட்டி முன்னாலேயே கண்டுபிடிச்ச?"

செல்வி அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகும் அது நிற்கவில்லை.